பெருக்கிப் பார்க்காதீர்கள்

சென்ற வாரம் கும்பகோணத்திலிருந்து என் தமக்கையின் மகன் தொலைபேசியில் அழைத்தான். சிங்கப்பூரில் 'எஸ் பாஸ்' அனுமதியில் வேலை கிடைத்திருக்கிறதாம். மாதச் சம்பளம் 4,500 வெள்ளி. "நம்ம ஊர்க் கணக்குல ஏறக்குறைய மூணு லட்சம் ரூபாய், மாமா! அவளையும் பிள்ளையையும் அழைச்சுக்கிட்டே வந்துடலாம்னு இருக்கேன்" என்றான். பிள்ளைக்கு நான்கு வயது.

எனக்கு உடனே நா எழவில்லை. அந்தப் பெருக்கல் வாய்பாட்டை அவனுக்குக் கற்பித்தவர்களுள் நானும் ஒருவன். ஊருக்குப் போகும்போதெல்லாம் முஸ்தபாவில் வாங்கிய சாக்லேட்டும் தைலமும் கொண்டுபோயிருக்கிறேன். வாடகைக் கணக்கைக் கொண்டுபோனதில்லை.

உலகின் செலவுமிக்க நகரங்களைப் பட்டியலிடும் எக்கானமிஸ்ட் இன்டெலிஜென்ஸ் யூனிட், 2014 முதல் 2018 வரை சிங்கப்பூருக்கே முதலிடம் தந்தது. 2023இல் சூரிக்கும் சிங்கப்பூரும் அவ்விடத்தைப் பகிர்ந்துகொண்டன. ஆனால் அந்தப் பட்டியல் கார் வைத்திருக்கும் செலவையும் சேர்த்துக் கணக்கிடுவது. 2023 அக்டோபரில் சிறிய காருக்கான வாகன உரிமைச் சான்றிதழே ஒரு இலட்சம் வெள்ளியைக் கடந்தது. நம்மில் பெரும்பாலோர் பேருந்திலும் பெருவிரைவு ரயிலிலும் செல்பவர்கள். தேக்கா சந்தையில் காய்கறி வாங்கி வீட்டில் சமைப்பவருக்கு, பொருள் சேவை வரி 2024இல் 9 விழுக்காடு ஆன பின்னரும், உணவுச் செலவு கைமீறுவதில்லை.

ஆளை அழுத்துவது வாடகை. வீவக வீட்டில் ஓர் அறைக்கே ஆயிரம் வெள்ளி அளவில் ஆகிறது. குடும்பத்தோடு தங்க நான்கறை வீடு வேண்டுமென்றால் மூவாயிரத்துக்குக் குறைந்து கிடைப்பது அரிது. 4,500இல் மூவாயிரம் போனால் எஞ்சுவதைக் கொண்டு மூவர் உண்ண வேண்டும், உடுக்க வேண்டும், ஊருக்கும் அனுப்ப வேண்டும்.

அதற்கும் முன்னே சட்டம் நிற்கிறது. 'எஸ் பாஸ்', 'எம்ப்ளாய்மெண்ட் பாஸ்' உடையவர்கள் மனைவி மக்களை அழைத்துவர, 2018 முதல் நிலையான மாதச் சம்பளம் 6,000 வெள்ளியேனும் இருத்தல் வேண்டும். குடிமக்களின் பிள்ளைகளுக்குத் தொடக்கப்பள்ளிக் கட்டணம் இல்லை. அயல்நாட்டுப் பிள்ளைகளுக்கோ அரசுப் பள்ளியில் இடம் கிடைப்பதே அரிது. கிடைத்தாலும் மாதந்தோறும் பல நூறு வெள்ளி கட்ட வேண்டும். ஆக, இந்நகரில் சம்பளம் என்பது வருமானம் மட்டுமன்று. பிள்ளையோடு வாழலாமா கூடாதா என்பதைத் தீர்மானிக்கும் கோடும் அதுவே.

ஞாயிறு வகுப்பு முடிந்து ரேஸ் கோர்ஸ் சாலை வழியாக நடந்துவரும்போது ஒரு காட்சியைக் கண்டேன். கட்டுமானத் தொழிலாளி ஒருவர் நடைபாதையோரம் அமர்ந்து, கைப்பேசித் திரையில் தெரிந்த மகளுக்கு 'ள'கரத்துக்கும் 'ழ'கரத்துக்கும் வேறுபாடு சொல்லிக்கொண்டிருந்தார். அவருடையது 'வொர்க் பெர்மிட்'. அந்த அனுமதியில் குடும்பத்தை அழைத்துவர வழியே இல்லை. அவர் தரும் விலை எந்தப் பட்டியலிலும் ஏறுவதில்லை.

இங்கேயே வேரூன்றிய குடும்பங்களுக்கும் கணக்கு எளிதன்று. பள்ளி வயதுப் பிள்ளைகள் இருவருடன் வாழும் பெற்றோருக்கு அடிப்படைத் தேவைகளுக்கு மாதம் 6,426 வெள்ளி வேண்டும் என்று 2021இல் வெளிவந்த ஆய்வொன்று கூறியது. அதில் துணைப்பாட வகுப்புச் செலவும் அடங்கும். அதெல்லாம் அடிப்படைத் தேவையா என்று அரசாங்கம் கேட்டது. நியாயமான கேள்விதான். ஆயினும் துணைப்பாடத்தைத் தேவையாக்கியவர்கள் யார்? ஆசிரியர்களாகிய நாமும் பெற்றோர்களாகிய நீங்களும் அல்லவா?

ஒருமுறை என் மாணவர்களிடம் 'எங்கள் வீட்டு வரவு செலவு' என்று கட்டுரை எழுதச் சொன்னேன். விடுமுறைப் பயணச் செலவை எழுதினார்கள். தீபாவளித் துணி விலையை எழுதினார்கள். வீட்டுக் கடனையோ மின்கட்டணத்தையோ ஒருவரும் எழுதவில்லை. அவர்களுக்குத் தெரியாது, நாம் சொல்வதில்லை. ஊரிலுள்ள உறவினரிடம் மறைப்பதைப் போலவே வீட்டுப் பிள்ளைகளிடமும் மறைக்கிறோம். கௌரவம் என்று நாம் எண்ணுவது பிறருக்குத் தவறான கணக்காகிப் போகிறது.

மறுநாள் மருமகனை அழைத்து வாடகை, சாப்பாடு, போக்குவரத்து, வரி என ஒவ்வொன்றாக வெள்ளியிலேயே சொன்னேன். "தனியாக வந்தால் சேமிக்கலாம். பிள்ளையோடு வர இச்சம்பளம் போதாது, விதியும் இடங்கொடாது. எத்தனை ஆண்டு பிரிந்திருக்க முடியும் என்பதை நீயும் உன் மனைவியும் பேசி முடிவு செய்யுங்கள்" என்றேன். நெடுநேரம் பேசாதிருந்தான். பின்னர், "இதை யாருமே சொல்லலையே, மாமா" என்றான்.

பெற்றோர்களே, இம்மாத மின்கட்டணச் சீட்டு வந்ததும் பிள்ளையை அருகில் அமர்த்தி அதைப் படிக்கச் சொல்லுங்கள். ஊரிலிருந்து யாரேனும் சம்பளம் பற்றிக் கேட்டால், செலவையும் சேர்த்தே சொல்லுங்கள்.