கோலடித்தவனுக்குப் பின்னே நிற்பவன்



கடந்த ஞாயிறு ஆராதனைக்குப் பின் நம் சபை வாலிபன் ஒருவன், "ஐயா, சாட்சி சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை" என்றான். பன்னிரண்டு ஆண்டுகளாக நெருப்பெரிச்சலில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைக்கிறவன் அவன். அவனோடு வேலைக்குச் சேர்ந்த சகோதரர் இன்று சொந்தமாக மெஷின் போட்டிருக்கிறார். சென்ற மாதம் அவரைத்தான் நான் மேடைக்கு அழைத்தேன். வாலிபனின் வார்த்தை என் மனச்சாட்சியைக் குத்தியது.

அவன் கால்பந்துப் பிரியன். 2019 மார்ச் 9 அன்று கோவை நேரு விளையாட்டரங்கின் கூட்டத்தில் அவனும் இருந்தான். ஆகவே அந்த ஆட்டத்தைக் கொண்டே அவனுக்குப் பதில் சொல்ல விரும்புகிறேன்.

பெயரில் சென்னை இருந்தாலும், கோவையைத் தாய்மைதானமாகக் கொண்டிருந்தது சென்னை சிட்டி அணி. ஐ-லீக்கின் கடைசி நாளில், ஈஸ்ட் பெங்காலைவிட ஒரே ஒரு புள்ளி முன்னிலையில் அது களமிறங்கியது. முதற்பாதியில் மினர்வா பஞ்சாபிடம் பின்தங்கியது. பின்பு எழும்பி 3-1 என்று வென்றது. ஐ-லீக் பட்டத்தைப் பெற்ற முதல் தமிழ்நாட்டு அணி அதுவே. அந்தப் பருவத்தில் 21 கோல்கள் அடித்த பெத்ரோ மான்சியின் பெயர் எல்லோருக்கும் தெரியும். அவருக்குப் பின்னே நடுக்களத்தில் ஓடிய சாண்ட்ரோ ரோட்ரிகஸ், நெஸ்டர் கோர்டில்லோ என்னும் ஸ்பெயின் நாட்டவரை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள்?

அவர்கள் ஸ்பெயினின் கீழ்நிலை லீக்குகளில் ஆடி வந்தவர்கள். அந்நாளில் அங்கே முதல் நிலையில் 20 அணிகள், இரண்டாம் நிலையில் 22 அணிகள். அதற்கும் கீழே மூன்றாம் நிலையில், நான்கு பிரிவுகளில் 80 அணிகள். உலகம் பார்ப்பது உச்சியிலுள்ள இருபதை மட்டுமே. கீழே ஆடுகிறவனும் அதே தொண்ணூறு நிமிடம் ஓடுகிறான். அவனுடைய முழங்காலும் அதே போலத்தான் வலிக்கிறது.

நடுக்கள வீரனின் வேலை விசித்திரமானது. எதிரியிடமிருந்து பந்தைப் பறிக்க வேண்டும். அதைத் தன்னிடமே வைத்துக்கொள்ளாமல் சரியான நேரத்தில் முன்னே நிற்பவனுக்குக் கொடுக்க வேண்டும். அவன் பிழை செய்தால் மைதானம் முழுவதும் அறியும். சரியாகச் செய்தால் கைதட்டல் வேறொருவனுக்கு. நம் ஊரில் தையற்காரர் அருகே அமர்ந்து துணியை மடித்துக் கொடுக்கிற கைமடிப் பெண்களும், செக்கிங் மேசையில் குறை பார்க்கிறவர்களும் இப்படிப்பட்டவர்களே. அயல்நாட்டுக் கடையில் தொங்கும் சட்டையில் அவர்கள் பெயர் இல்லை. அவர்கள் கண் தவறினால் அந்தச் சட்டை அங்கே போய்ச் சேருவதுமில்லை.

அமலேக்கோடு நடந்த யுத்தத்தில் களத்தில் போரிட்டவன் யோசுவா. மோசேயின் கைகள் தளராதபடி தாங்கி நின்றவர்கள் ஆரோனும் ஊரும். அவர்களையும் வேதம் பெயர் சொல்லி நினைவுகூர்கிறது. நாமோ வளர்ச்சியை மட்டுமே ஆசீர்வாதம் என்று எண்ணி, மெஷின்களின் எண்ணிக்கையால் சாட்சியை அளந்துவிட்டோம். இந்தத் தவறில் முதற்பங்கு என்னுடையது.

உயர வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உழைப்பவன் மனநிறைவோடு இருக்கிறான் என்பதைக் காட்டி, அவனுக்குரிய கூலியைக் குறைப்பதும் நீதியல்ல. கோலடித்தவன் கோப்பையில் தன் தோழனின் பங்கை மறுப்பதில்லை; கம்பெனி நடத்தும் நம் சகோதரர்களும் அதைச் சிந்திக்கட்டும். நான் சொல்வது இவ்வளவே: ஒருவன் எந்த நிலையில் ஆடினான் என்பதைக் காட்டிலும், தன்னிடம் வந்த பந்தை என்ன செய்தான் என்பதே கேட்கத்தக்க கேள்வி.

அந்த வாலிபன் தன் கூலியிலிருந்து இரண்டு தங்கைகளைப் படிக்க வைத்திருக்கிறான். அதைச் சாட்சி என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

வருகிற ஞாயிறு மேடைக்கு அவனைத்தான் அழைக்கப்போகிறேன்.