கறுப்புத் தாளைக் கடையில் வாங்க வேண்டாம்



புத்தகக் கடைகளில் இப்போது சுரண்டி வரையும் கொப்பிகள் விற்கிறார்கள். கறுப்புத் தாள், கூடவே ஒரு சின்னக் குச்சி. சுரண்டினால் உள்ளே வானவில் நிறம். பிள்ளை கேட்டு அழுதால் வாங்கிக் கொடுத்துவிடுகிறோம். ஆரம்பப் பிரிவில் படிப்பிக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தக் காசை மிச்சம் பிடியுங்கள். பிள்ளை செய்ய வேண்டிய பாதி வேலையை அதில் தொழிற்சாலையே செய்து முடித்துவிட்டது.

வீட்டில் செய்யத் தடித்த தாள், மெழுகு கிரேயோன், கறுப்பு போஸ்டர் கலர் போதும். முதலில் வெள்ளை தெரியாத அளவுக்கு அழுத்தி நிறம் தீட்ட வேண்டும். தரம் 2 பிள்ளைக்கு உள்ளங்கை அளவு தாள் தாராளம். அதற்கே கை வலிக்கும். எழுத்து கோணல் என்று நாம் ஏசுகிற அதே விரல்களுக்குத்தான் இந்தப் பயிற்சி.

அதன் மேல் கறுப்பைப் பூசினால் ஒட்டாது, முத்து முத்தாகத் திரளும். ஏன் என்று பிள்ளையிடமே கேளுங்கள். சேம்பு இலையில் தண்ணீர் உருளுவதைக் கண்ட பிள்ளை யோசித்துப் பிடித்துவிடும். பிறகு பாத்திரம் கழுவும் திரவத்தில் இரண்டு துளி கலந்து பூசச் சொல்லுங்கள், படியும். தடிப்பாகப் பூசினால் காய்ந்ததும் உதிரும். மெல்லிசாக இரண்டு தரம் பூசுவது நல்லது.

நன்றாகக் காய்ந்த பிறகு ஈர்க்கு, மை முடிந்த பேனை, எதனாலும் சுரண்டலாம். இங்கே அழிறப்பருக்கு வேலை இல்லை. தவறிப் போன கோட்டிலும் நிறம் வரும். "எனக்குப் படம் கீற வராது சேர்" என்று ஒதுங்கும் பிள்ளைதான் இதில் முதலில் துணியும்.

உயிருள்ளவற்றை வரையலாமா என்று கேட்கும் பெற்றோரும் உண்டு. அந்த விவாதத்துக்குள் போகாமலே பூ, கொடி, நட்சத்திர வடிவங்கள் என்று நிறையச் செய்யலாம். ஈரானின் நிஷாப்பூர் குயவர்கள் 10ஆம் நூற்றாண்டிலேயே மட்பாண்டத்தின் வெள்ளைப் பூச்சைச் சுரண்டி அடி நிறத்தைக் காட்டியிருக்கிறார்கள்.

பாடசாலையில் செய்வதென்றால் இரண்டு பாடவேளை வேண்டும். தரம் 4 வந்தால் அது எங்கே கிடைக்கிறது? சித்திரப் பாடவேளை புலமைப்பரிசில் மாதிரி வினாத்தாளுக்குப் போய்விடுகிறது. அதைக் கேட்டு வாங்குவதும் பெற்றோர்தான்.

இன்னொன்று. கண்காட்சிக்கு வரும் படத்தில் உம்மாவின் கை எது, பிள்ளையின் கை எது என்று எங்களுக்குத் தெரியும். கோணலாக இருந்தாலும் திருத்தாமல் அனுப்புங்கள்.