வலைக்கு விலை கிடைக்கட்டும்

நம் மீன்பிடித் துறைமுகங்கள் பலவற்றில் பழைய வலைகள் மூலைக்கு மூலை குவிந்து கிடக்கின்றன. இனிப் பொத்தவே முடியாது என்ற நிலைக்கு வந்த தங்கூசி வலையைப் படகிலிருந்து இறக்கிக் கரையில் போட்டுவிடுகிறார்கள். பழைய இரும்புக்கு ஆள் வருவதுபோல அதைத் தேடி எப்போதும் ஆள் வருவதில்லை. சில கொளுத்தப்படுகின்றன, சில மணலில் புதைகின்றன, சில அலையோடு கடலுக்கே போய்விடுகின்றன. இத்தகைய கழிவு நைலானை மறுசுழற்சி செய்து தைத்த கைப்பைகளோ, ஐரோப்பியக் கடைகளில் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் விலைபோகின்றன. இந்த இடைவெளியைக் குறைக்காமல் மறுசுழற்சி நைலானைப் ‘பசுமைத் துணி’ என்று கொண்டாடுவது சரியல்ல.

அந்தத் தொழில்நுட்பத்தின் மதிப்பை நாம் குறைத்துச் சொல்லவில்லை. நைலான்-6 என்ற வகைக்கு ஓர் அரிய குணம் உண்டு. அது கேப்ரோலாக்டம் என்ற ஒரே மூலப்பொருளால் ஆனது. எனவே கழிவை வெறுமனே உருக்கி வார்க்காமல், வேதிமுறையில் சிதைத்து மீண்டும் கேப்ரோலாக்டமாகவே மாற்ற முடியும். அதிலிருந்து எடுக்கும் நூல், தரத்தில் புதிய நூலுக்கு இணையாக இருக்கும். இத்தாலியின் அக்வாஃபில் நிறுவனம் 2011-இல் ‘எகோனில்’ என்ற பெயரில் இதை வணிகமாக்கியது. மீன்வலைகளும் பழைய கம்பளங்களும் ஸ்லோவேனியாவின் லுப்லியானா நகரில் உள்ள அதன் ஆலையில் நூலுக்கான மூலப்பொருளாகின்றன. 10,000 டன் மூலப்பொருளை இவ்வாறு தயாரித்தால் 70,000 பீப்பாய் கச்சா எண்ணெய் மிச்சமாகும் என்பது அந்த நிறுவனத்தின் கணக்கு. 2019-இல் பிராடா இந்த நூலில் பைகளைக் கொண்டுவந்த பிறகு, மற்ற ஆடை நிறுவனங்களின் கவனமும் இதன் பக்கம் கூடியது.

ஆனாலும் உலகில் உற்பத்தியாகும் நைலானில் மறுசுழற்சி செய்யப்பட்டது ஏறக்குறைய 2 சதவீதம்தான். அந்தச் சிறு பங்கிலும் கடலிலிருந்து வந்தது எவ்வளவு, கம்பளத்திலிருந்து வந்தது எவ்வளவு, ஆலைத் தரையில் கூட்டி அள்ளிய வெட்டுத்துண்டு எவ்வளவு என்பது துணியை வாங்குபவருக்குத் தெரிவதில்லை. விளம்பரத்தில் ஆமை நீந்துகிறது. சீட்டில் ‘மறுசுழற்சி’ என்ற ஒரு சொல் மட்டும் இருக்கிறது. வெட்டுத்துண்டு ஆலையை விட்டு வெளியே போகாத, திரும்ப உருக்கிக்கொள்ளக்கூடிய பொருள். அதையும் கடலிலிருந்து மீட்ட வலையையும் ஒரே சொல்லால் விற்க அனுமதிக்கக் கூடாது. கழிவு எங்கிருந்து வந்தது என்பதைச் சீட்டில் பிரித்து எழுதுவதைச் சட்டம் கட்டாயமாக்க வேண்டும்.

நிறுவனங்களுக்கு வலையைவிட வெட்டுத்துண்டு எளிதாக இருப்பதன் காரணத்தைத் துறைமுகத்தில் அரை மணி நேரம் நின்றால் புரிந்துகொள்ளலாம். ஒரு வலையில் நைலான் மட்டும் இருப்பதில்லை. மேலே மிதவைகள், கீழே ஈயக் குண்டுகள், ஓரங்களில் வேறு பிளாஸ்டிக்கால் ஆன கயிறு, கண்களில் காய்ந்த பாசியும் செதிலும் மணலும். இவை அத்தனையையும் கத்தியால் அறுத்து, கழுவி, உலர்த்தினால்தான் ஆலை அதை வாங்கும். இழுவை மடிகளில் பெரும்பாலும் பாலிஎத்திலீன் இழை. அது இந்த முறைக்கு உதவாது. எது எது என்று பிரிக்க ஒரு வாளித் தண்ணீர் போதும்: பாலிஎத்திலீன் மிதக்கும், நைலான் மூழ்கும்.

மூழ்கும் என்பதில்தான் ஆபத்தும் இருக்கிறது. கடலில் தொலைந்த நைலான் வலை கண்ணுக்குத் தெரியாமல் அடியில் கிடந்து, யாருக்கும் பயன்படாத மீனைப் பிடித்துக்கொண்டே இருக்கும். மூச்சுவிட மேலே வர முடியாமல் ஆமை அதில் சிக்கிச் சாகும். மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகளிலும் இத்தகைய வலைகள் சுற்றிக் கிடக்கின்றன. கரையிலேயே வலையைத் திரும்ப வாங்கிக்கொள்வது இதைத் தடுக்கும் வழிகளில் மலிவானது.

மறுசுழற்சி செய்தாலும் நைலான் நைலான்தான், துவைக்கும்போதெல்லாம் நுண்ணிழைகள் உதிர்ந்து நீர்நிலைகளில் சேரும் என்று சூழலியலாளர்கள் சொல்வது உண்மை. நீச்சலுடைபோல எலாஸ்டேன் கலந்து நெய்த துணியை மறுபடி பிரித்தெடுப்பதும் மிகக் கடினம். ஆகவே இந்த நூல் தினமும் துவைக்கும் உடைகளுக்குப் போகக் கூடாது. பை, மழைச்சட்டை, கம்பளம் போன்று நெடுநாள் உழைக்கும் அரிதாகத் துவைக்கும் பொருள்களுக்கே போக வேண்டும். பருத்தியிலிருந்து செயற்கை இழைக்கும் கால்வைக்கும் திருப்பூர் இதை இப்போதே கருத்தில் கொள்வது நல்லது.

பிளாஸ்டிக் கொண்ட மீன்பிடிக் கருவிகளைத் திரும்பப் பெறும் செலவை உற்பத்தியாளர்களே ஏற்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல் சட்டம் இயற்றியது. நம் நாட்டின் 2016-ஆம் ஆண்டு பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளில் உற்பத்தியாளர் பொறுப்பு பொட்டலப் பொருள்களை மையமாகக் கொண்டது. வலைக்கு அந்தப் பொறுப்பு இல்லை. ஒன்றிய அரசு இந்த விதியைத் திருத்த வேண்டும். புதிய வலை விற்பவர் பழைய வலையை விலை கொடுத்து ஏற்கும் நிலை வந்தால், கடலில் எறிய எவருக்கும் மனம் வராது. கடன் வாங்கி வலை வாங்குகிற மீனவரிடம் கடலைக் காப்பாற்றுங்கள் என்று அறிவுரை மட்டும் சொல்வது நியாயமில்லை.

காசிமேட்டில் பழைய வலைகளைச் சேகரிக்கும் பணியை மாநில அரசு தொடங்கியிருப்பதை வரவேற்கிறோம். அங்கிருந்து அதிக தொலைவில்லாத மணலியில் 1970-களிலேயே டயருக்கான நைலான் இழைத் தொழில் வேரூன்றிவிட்டது. நைலானைக் கையாளத் தெரிந்த தொழிலாளர்களும் பொறியாளர்களும் நம்மிடம் உண்டு. சிதைத்து மீட்கும் ஆலை ஒன்றை இங்கேயே அமைக்க அரசு முன்வந்தால், வலையைக் கப்பலேற்றி அனுப்பிவிட்டு அதன் நூலை இறக்குமதி செய்யும் நிலை வராது. அறுத்துப் பிரிக்கும் வேலையை மீனவப் பெண்களின் சுய உதவிக் குழுக்களிடம் நியாயமான கூலிக்கு ஒப்படைக்கலாம்.

கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 15-இல் தொடங்கி 61 நாள் நீடிக்கிறது. விசைப்படகுகள் கரையில் நிற்கும், வலைகள் சீர்செய்யப்படும், கழிக்க வேண்டியவை கழிக்கப்படும் காலம் அது. அடுத்த தடைக்காலம் தொடங்குவதற்குள் 14 கடலோர மாவட்டங்களின் துறைமுகங்கள் அனைத்திலும் எடைமேடையும், அறிவிக்கப்பட்ட கொள்முதல் விலையும், கையோடு பணமும் இருக்க மீன்வளத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும்.