ஒரே மாசத்துல வீடு... பேனல் கட்டடம் உங்க பட்ஜெட்டுக்கு செட் ஆகுமா?

லாரியில சுவர் வந்து இறங்குது. கிரேன் தூக்கி நிறுத்துது. சில நாள்ல வீடு ரெடி. ரீல்ஸ்ல இப்படி வீடியோ பார்த்துட்டு, 'நாமளும் இப்படிக் கட்டினா காசு மிச்சமாகுமா?'னு கேட்கிறவங்க நிறைய. மிச்சமாகும். ஆனா, எல்லோருக்கும் ஆகாது.

2025 செப்டம்பரில் சிமென்ட் மீதான ஜி.எஸ்.டி 28 சதவிகிதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. நல்ல விஷயம்தான். ஆனா, வீட்டுச் செலவில் சிமென்ட் ஒரு பகுதி மட்டுமே. கூலியும் காலமும்தான் பட்ஜெட்டை இழுத்துவிடும். பேனல் கைகொடுப்பது அங்கேதான்.

கழிவிலிருந்து சுவர்

சென்னை ஐ.ஐ.டி வளாகத்தில் 2013-ல் நான்கு வீடுகள் கொண்ட இரண்டு அடுக்குக் கட்டடம் ஒன்றை சுமார் ஒரு மாதத்தில் கட்டிக் காட்டினாங்க. சுவர், தளம் இரண்டுக்குமே ஜிப்சம் பேனல்தான். உரத் தொழிற்சாலைகளில் மலைபோலக் குவியும் ஜிப்சம் கழிவைப் பக்குவப்படுத்தி, கண்ணாடி இழை சேர்த்துச் செய்யும் பேனல் இது. நீளம் 12 மீட்டர், உயரம் 3 மீட்டர், கனம் 124 மில்லிமீட்டர். உள்ளே கூடு கூடாக இருக்கும். அதில் கம்பி வைத்து கான்கிரீட் நிரப்பினா சுமை தாங்கும்.

செங்கல் வேண்டாம், பூச்சு வேலையும் பெரிசா இல்லை. 9 அங்குலச் சுவரைவிட மெல்லிசு என்பதால், அதே மனையில் அறை கொஞ்சம் பெரிசாகும். வாடகை 12,000 ரூபாய் கட்டுறவங்க ஐந்து மாதம் முன்னாடியே குடியேறினா, 60,000 ரூபாய் கையில் நிற்கும்.

எங்கே இடிக்குது?

பெரும்பாக்கத்தில் 1,152 வீடுகளை ரெடிமேட் கான்கிரீட் பாகங்களால் கட்டி 2022 மே மாதம் திறந்தாங்க. அங்கே ஒரே டிசைன், ஒரே இடம். அச்சும் கிரேனும் திரும்பத் திரும்பப் பயன்படும், செலவு எல்லா வீட்டுக்கும் பிரியும்.

உங்க 800 சதுர அடி வீட்டுக்கு? லாரி வாடகை, கிரேன், பழகிய ஆட்கள் எல்லாம் உங்க ஒருத்தர் தலையில். தெரு குறுகலா இருந்தா கிரேனே உள்ளே வராது. பேனலைத் திட்டப்படி முன்னாடியே வெட்டிடுவாங்க. ஸ்விட்ச் போர்டு, குழாய் எங்கேன்னு ஆர்டருக்கு முன்பே முடிவு பண்ணணும். சுவரே சுமை தாங்குவதால், நாளைக்கு இடிச்சு ஹாலைப் பெரிசாக்க முடியாது.

தனி வீட்டுக்கு வேற வழி

செங்கல்லைப் படுக்க வைக்காம நிறுத்தி, நடுவில் இடைவெளி விட்டுக் கட்டும் 'எலிப்பொறிக் கட்டு' முறையை கேரளாவில் லாரி பேக்கர் பிரபலமாக்கினார். சுமார் கால்வாசி செங்கல் மிச்சம், வெயிலும் குறைவா இறங்கும். ஆரோவில்லில், மண்ணோட சுமார் 5 சதவிகிதம் சிமென்ட் கலந்து அழுத்திய, சூளையில் சுடாத கற்களால் கட்டுறாங்க. இரண்டுக்கும் கிரேன் தேவையில்லை. அந்த வேலை தெரிந்த கொத்தனார் கிடைச்சா போதும்.

அதனால, 'சதுர அடிக்கு எவ்வளவு?' என்று மட்டும் கேட்காதீங்க. லாரி, கிரேன், பாத்ரூம் வாட்டர் புரூஃபிங் அந்த ரேட்டில் சேருமா, எத்தனை மாதத்தில் சாவி கிடைக்கும்னு எழுதி வாங்குங்க. அக்கம்பக்கத்தில் நாலஞ்சு பேர் சேர்ந்து ஒரே நேரத்தில் கட்டுறீங்களா? அப்போ பேனலுக்கு தாராளமா கொட்டேஷன் கேளுங்க.