ஒன்று விட்டு ஒன்று



இன்று கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுகிறேன். கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறவர்கள் முழுதாகப் படித்துவிட்டுச் சண்டைக்கு வாருங்கள்.

பன்னிரண்டாம் வகுப்பில் இப்போது பைத்தான் பாடம் இருக்கிறது. ஒரு பட்டியலிலிருந்து ஒன்று விட்டு ஒன்றை எடுக்க வேண்டும், இதுதான் கேள்வி. என் தங்கை பேத்தி ஒவ்வொரு இடமாகப் போய், இட எண்ணை 2 ஆல் வகுத்து, மீதி 0 வந்தால் எடுத்துக்கொள் என்று எழுதினாள். டியூஷனில் சிவப்பு மையால் அடித்துவிட்டார்கள். நோட்ஸில் [::2] என்றுதான் இருக்கிறதாம். விடை சரியாகத்தானே வருகிறது என்று கேட்டதற்கு, ஒரு வரியில் முடிவதற்கு நாலு வரி எதற்கு என்றார்களாம்.

எதற்கா? பி.டி. பீரியடில் உங்களை வரிசையில் நிற்க வைத்து "ஒண்ணு, ரெண்டு, ஒண்ணு, ரெண்டு" சொல்ல வைத்தோமே, மறந்துவிட்டதா? ஒண்ணு சொன்னவன் இந்தப் பக்கம், ரெண்டு சொன்னவன் அந்தப் பக்கம். கபடிக்கு அணி பிரித்தாயிற்று. அந்தப் பெண் எழுதியதும் அதேதான். யோசித்து எழுதியிருக்கிறாள்.

மனப்பாடம் எங்கே கவிழ்க்கும் தெரியுமா? பைத்தான் எண்ணுவது 0 இலிருந்து. திங்கள், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி என்று ஒரு பட்டியல் இருந்தால் [::2] கொடுப்பது திங்கள், புதன், வெள்ளி. [1::2] கொடுப்பது செவ்வாய், வியாழன். "முதலாவதிலிருந்து" என்று கேட்டால், உருப்போட்ட பிள்ளை 1 என்று போட்டுவிட்டு செவ்வாயில் போய் நிற்கும். 0 எங்கே நிற்கிறது என்று விரல் வைத்துப் பார்த்த பிள்ளைக்கு இந்தத் தடுமாற்றம் வராது.

இன்னொன்று. பதினொன்றாம் வகுப்பில் சி++ படித்துவிட்டுத்தானே வருகிறார்கள்? அங்கே ஒரு அணியை [::2] என்று வெட்ட முடியாது. ஜாவாஸ்கிரிப்டின் ஸ்லைஸுக்குத் தொடக்கமும் முடிவும் மட்டும்தான் சொல்லலாம், தாவும் தூரம் சொல்ல வழியில்லை. அவ்வளவு ஏன், பைத்தானிலேயே சாதாரணப் பட்டியலுக்கு இந்த வசதி 2003 இல் வந்த 2.3 பதிப்பில்தான் சேர்ந்தது. அதற்கு முன்னால் எழுதியவர்கள் எல்லாம் முட்டாள்களா?

வேலையில் இருக்கும் பிள்ளைகள் [::2] தான் எழுத வேண்டும், தாராளமாக எழுதுங்கள். படிக்கச் சுலபம், தப்பும் குறைவு. நான் அதற்கு எதிரியில்லை. ஆனால் இரண்டு இரண்டாகத் தாவினால் என்ன நடக்கிறது என்று தெரிந்த பிறகு வரவேண்டிய சுருக்கம் அது. வாய்ப்பாடு தெரியாதவன் கையில் கால்குலேட்டரைக் கொடுத்துவிட்டு, கூட்டிப் பார்த்தவனுக்கு முட்டை போடுவது எந்த ஊர் நியாயம்?

நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்தவன், கம்ப்யூட்டர் படித்தவனில்லை. ஆனால் சரியான விடைக்கு மதிப்பெண் போடத் தெரியும். டியூஷன் எடுக்கும் என் மாணவர்கள் சிலரும் இதைப் படிப்பீர்கள். வேறு வழியில் வந்த விடையை அடிப்பதற்கு முன்னால் ஒரு தடவை ஓட்டிப் பாருங்களப்பா.

பெற்றோர் இன்று ராத்திரி வீட்டுப் பிள்ளையிடம் கேளுங்கள்: பதினொரு பெயர் உள்ள பட்டியலில் [1::2] எத்தனை பெயர் தரும்? விரல் விட்டு எண்ணினால் திட்டாதீர்கள். விடையைக் கீழே கமெண்டில் போடச் சொல்லுங்கள், நானே திருத்துகிறேன்.