எட்டு மீட்டர் தளம்

1994-ஆம் ஆண்டில் உலகக் கராத்தே வாகையர் போட்டி சபாவின் துறைமுக நகராகிய கோத்தா கினபாலுவில் நடந்தது. நாட்டுக்குப் பெருமையே, மறுப்பாரில்லை. ஆயினும், அத்தகைய விழாக்களை வருந்தி அழைப்போர் விடுதி அறைகளையும் சுற்றுலா வருவாயையும் எண்ணுகின்றனரேயன்றிப் பயிலும் பிள்ளைகளை எண்ணுவதில்லை.

கராத்தே என்னும் சொல்லுக்கு வெறுங்கை என்பதே பொருள். ஒகினாவாத் தீவில் வளர்ந்த இக்கலைக்கு மட்டை வேண்டா, பந்து வேண்டா. எட்டு மீட்டர்ச் சதுரத் தளமும் தேர்ந்த ஆசானும் போதும். ஏழைப் பிள்ளைக்கு இதனினும் ஏற்ற விளையாட்டு யாது? ஜே. ஏ. ரசல் 1929-இல் தொடங்கிய போ தோட்டம் முதலாகக் கேமரன் மலைச்சரிவுகளைத் தேயிலைக்காடாக்கியதில் தமிழர் கைகளுக்குப் பெரும்பங்குண்டு. அவர் வழிவந்த பிள்ளைகள் இன்றும் அம்மலைத் தமிழ்ப்பள்ளிகளில் பயில்கின்றனர். அத்துணைப் பரப்பில் அவர்களுக்கென எட்டு மீட்டர் கேட்பது பேராசையா?

தமிழாசிரியரும் இப்பழியில் பங்குடையவரே. உடற்கல்வி வேளையைத் தேர்வுப் பாடத்துக்குக் கடன்வாங்கித் திருப்பித் தராதவர் எத்தனை பேர்!

உலக மேடையோ நிலையற்றது. 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் இடம்பெற்ற கராத்தே, 2024 பாரிசில் இல்லை. அடுத்த அனைத்துலகப் போட்டிக்கு வரவுசெலவு எழுதுவோர், தாப்பாவிலிருந்து வாரந்தோறும் மலையேறும் பயிற்றுநர் ஒருவரின் பேருந்துக் கட்டணத்தையும் அதில் சேர்த்து எழுதட்டும்.