வான்படமும் அதனைத் தொகுக்குங் கருவியும்

பறவைக்கே உரியதாயிருந்த பார்வை இந்நாளில் மாணாக்கர் கைக்கும் எட்டிவிட்டது. டிரோன் எனப்படும் ஆளில்லாச் சிறு வானூர்தி, ஒரு பாடநூலினும் எடை குறைந்ததாயினும், நொடிப்பொழுதில் மேலெழுந்து ஊரையும் ஆற்றையும் ஒருங்கே படம்பிடித்துக் கொணர்கின்றது. வானினின்று காண்டற்குத் திருச்சிராப்பள்ளியினும் இனிய நகர்கள் தமிழகத்திற் சிலவே. நகரிடை மலைக்கோட்டை, அதன் வடபாற் காவிரி, ஆற்றுக்கு அப்பால் திருவரங்கத் தீவு, தீவின் வடகரையிற் கொள்ளிடம். தரையில் நிற்பார்க்கு ஒருகால் ஒரு மதிலும் ஒரு வாயிலுமே புலப்படும். மேலிருந்து நோக்குவார்க்கோ ஏழு திருச்சுற்றுக்களும் ஒன்றனுள் ஒன்றாய் அடங்கி, 156 ஏக்கர் பரப்பில் 21 கோபுரங்களொடு விளங்கும்.

இக்காட்சியில் வேட்கைகொண்டு பொழுதுபோக்காகப் படம்பிடிக்கும் நண்பர்கள் அடிக்கடி வினவும் வினா ஒன்றுண்டு. பிடித்த படத்தை எந்த மென்பொருளிலே தொகுப்பது என்பதே அது. பெயர்பெற்றது எதுவோ அதுவே சிறந்தது என்று விடையிறுப்பார் பலர். யாம் அவ்வாறு கருதுகின்றிலேம். கணினியின் ஆற்றல், தமிழெழுத்தின் நலம், பிறர் பொருளைக் கவராமை, கண்டதைக் கண்டவாறு காட்டல் என்னும் நான்கும் இவ்வினாவினுள் அடங்கிக் கிடக்கின்றன. அவற்றை முறையே ஆராய்வாம்.

அதற்குமுன் ஒன்று கூறுதல் கடன். 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் இந்திய அரசு வெளியிட்ட டிரோன் விதிகள் வானத்தைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என மூன்று மண்டலங்களாய் வகுத்தன. வானூர்தி நிலையத்தின் எல்லையினின்று 8 முதல் 12 கிலோமீட்டர் வரையுள்ள பகுதியில், 200 அடிக்கு மேற்பட்ட வானம் முன்னிசைவு வேண்டும் மஞ்சள் மண்டலமாயிற்று. நம் நகரின் தென்பால் வானூர்தி நிலையம் உள்ளது. 1987ஆம் ஆண்டில் நிறைவெய்திய அரங்கத்து இராசகோபுரமோ 236 அடி உயர்ந்தது. ஆதலின் 'டிஜிட்டல் ஸ்கை' தளத்தின் வரைபடத்தை நோக்காது பறக்கவிடுதல் அடாது. வழிபடுவோர் தலைக்குமேல் இரைச்சலிட்டு அவர்தம் அமைதியைக் கெடுத்தல், பிறிதொரு சமயத்தாராகிய எமக்குச் சிறிதும் தகாது.

நிற்க. முதலாவது, கணினியைப் பற்றியது. டிரோன் தரும் படம் அளவிற் பெரிது. 4கே எனப்படும் படத்தில் ஒவ்வொரு சட்டமும் 3840 புள்ளி அகலமும் 2160 புள்ளி உயரமும் உடையது. நொடிக்கு 100 மெகாபிட் வீதம் பதிவாகும் படம் 10 நிமிடத்தில் 7.5 ஜிகாபைட் இடத்தைக் கொள்ளும். அன்றியும், எச்.264, எச்.265 என்னும் முறைகளால் அது சுருக்கப்பட்டு வருகின்றது. இம்முறைகளில் எல்லாச் சட்டங்களும் முழுமையாய் எழுதப்படுவதில்லை. இடையிடையே ஒன்று முழுமையாய் அமைய, ஏனையவற்றில் மாறுபட்ட பகுதி மட்டுமே குறிக்கப்படும். 'மேற்கூறியவாறே கொள்க' என்று உரையாசிரியர் எழுதிச் செல்லுங்கால், பொருள் விளங்குதற்கு யாம் பல பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டுகின்றோம் அன்றோ? கணினியும் அவ்வாறே ஒரு சட்டத்தைக் காட்டுதற்குப் பல சட்டங்களைத் தேடிப் படிக்கின்றது. அதனால் எளிய மடிக்கணினி திணறுகின்றது. படம் தத்தித் தத்தி நகர்கின்றது. மாணவனோ புதிய கணினி வேண்டுமெனப் பெற்றோரை வருத்தத் தொடங்குகின்றான்.

இந்நோய்க்கு மருந்து புதிய கணினி அன்று. 'பிராக்ஸி' என்னும் சிறுபடியே. பெரும்படத்திற்கு ஈடாக அளவிற் சிறிய படியொன்றை மென்பொருளே ஆக்கிக்கொள்ளும். நாம் அச்சிறுபடியை வைத்து வெட்டி ஒட்டி முடித்தபின், வெளியிடுங்காலத்து மூலப்படமே பயன்படும். கேடென்லைவ், ஷாட்கட், டாவின்சி ரிசால்வ் ஆகிய மூன்றனுள்ளும் இவ்வசதி உண்டு. இவற்றுள் ரிசால்வ் திரைப்படங்களின் வண்ணந் திருத்துங் கருவியாய்த் தோன்றியது. 2009ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய நிறுவனமாகிய பிளாக்மேஜிக் டிசைன் அதனை வாங்கியது. அதன் ஒரு வடிவம் விலையின்றிக் கிடைக்கின்றது. வண்ணம் திருத்துவதில் அதற்கு நிகர் காண்டல் அரிது. ஆயின் 16 ஜிபி நினைவகமும் நல்ல வரைகலைச் செயலியும் இல்லாத கணினியில் அது இனிது இயங்குவதில்லை. கேடென்லைவ் 2002ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றுத் தன்னார்வலரால் வளர்க்கப்படுவது, ஷாட்கட்டும் அவ்வினத்ததே. இரண்டும் எளிய கணினியிலும் சிறுபடியின் துணைகொண்டு நடைபோடும். எனவே அண்டைவீட்டான் யாது வைத்திருக்கின்றான் என்று நோக்காது, தன் மேசைமேல் உள்ளது யாதென நோக்குதலே அறிவுடைமை.

இரண்டாவது, தமிழைப் பற்றியது. படத்தின் முகப்பில் ஊர்ப்பெயர் எழுதும்போது எழுத்துக்கள் சிதைந்து நிற்பதை நாம் பலகாற் காண்கின்றோம். பதிப்பிற் பிழை பொறாத தமிழ் மாணவர், திரையிற் பிழை பொறுப்பது எங்ஙனம்? மெய்யெழுத்துக்குப் பின் தட்டப்படும் எகரக் குறியை அதன் முன்னர்க் கொண்டுவந்து நிறுத்துதலும், எழுத்துக்களை இணைத்து ஒன்றாக்குதலும் மென்பொருளின் எழுத்துப்பொறி செய்யவேண்டிய பணி. ஐரோப்பிய எழுத்தையே கருதி அமைந்த பொறி இதனைச் செய்யாது. அடோபி பிரீமியரின் பல பதிப்புக்களிலே தெற்காசிய மொழிகளுக்குரிய எழுத்துப்பொறியைத் தனியே தெரிவுசெய்யவேண்டியிருந்தது. ஆதலின் எம் நண்பர்க்கு எளியதொரு சோதனை கூறுவோம். எம்மென்பொருளாயினும் அதனைக் கைக்கொள்ளுமுன் 'கொள்ளிடம்', 'ஸ்ரீரங்கம்' என்னும் இரு சொற்களை அதில் தட்டிப் பார்க்க. முதற்சொல்லிற் கொம்பு இடம் மாறாது நிற்பின், இரண்டாஞ் சொல்லின் முதலெழுத்து உடையாது நிற்பின், அக்கருவி தமிழறியும். அன்றேல், அதன் புகழ் எத்துணைப் பெரிதாயினும், தமிழிற் படம் செய்வார்க்கு அது குறையுடையதே.

மூன்றாவது, உரிமையைப் பற்றியது. அடோபி நிறுவனத்தார் 2013ஆம் ஆண்டில் தம் மென்பொருள்களைச் சந்தா முறைக்கு மாற்றினர். திங்கள்தோறும் பொருள் செலுத்த இயலாத மாணவரிடையே பூட்டுடைத்த படிகள் கைமாறுவது யாவரும் அறிந்ததே. 'பெரிய நிறுவனத்துக்கு இதனால் இழப்பு என்ன?' என்பார் சிலர். இழப்புச் சிறிதாயின் களவு களவன்றாகுமோ? களவு செய்யாமையும் பொய்ச்சான்று கூறாமையும் பத்துக் கட்டளைகளுள் இடம்பெற்றவை. நம் கல்லூரி ஆலயத்தில் அவற்றைக் கேட்டு வளர்ந்த நாம், விடுதி அறையில் மடிக்கணினியைத் திறக்குங்கால் மறந்துவிடுதல் நன்றன்று. வேறு வழியில்லையாயினும் இரங்கலாம். விலையின்றி, நேர்மையாய், நல்ல கருவிகள் கிடைக்கும் இக்காலத்தில் அதற்கும் இடமில்லை. டிரோன் பலவற்றில் ஒலிவாங்கி இல்லாமையால் படத்திற்கு இசை சேர்க்கும் வழக்கம் உண்டு. அவ்விசையையும் உரிமையுடையார் இசைவின்றி எடுத்தல் இவ்வினத்ததே.

இன்னுமொன்று. சந்தா நின்றபின் நாம் தொகுத்து வைத்த பணிக்கோப்பைத் திறந்து திருத்துதற்கு வழி அடைபடும். கேடென்லைவ், ஷாட்கட் ஆகியவற்றின் பணிக்கோப்போ எக்ஸ்எம்எல் வடிவில் அமைந்த வெறும் எழுத்தே. யாரும் திறந்து படிக்கலாம். ஏடு செல்லரித்தமையால் எத்துணை நூல்களை இழந்தோம் என்பதை அறிந்த தமிழ் மாணாக்கர்க்கு இதன் அருமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

நான்காவது, மெய்ம்மையைப் பற்றியது. யாம் இதனையே தலையாயதாகக் கருதுகின்றோம். மேட்டூர் அணை வழக்கமாய்த் திறக்கப்படும் நாள் சூன் 12. அதற்கு முந்திய கோடைத் திங்களில் மலைக்கோட்டைக்கும் அரங்கத்துக்கும் இடையே காவிரி பெரும்பாலும் மணற்பரப்பாய்க் கிடக்கும். ஆங்காங்கே மெலிந்த நீரோடை மட்டும் ஓடும். வண்ணந் திருத்தும் விசையொன்றைத் திருகினால் அம்மெலிந்த நீர் நீலமணியாய் ஒளிரும். வாடிய கரை பசும்பொழிலாய்த் தோன்றும். காண்பார் கைதட்டுவர், ஆனால் ஆறு பொய்யுரைக்கப்பட்டதாகும். புகைமூட்டத்தால் மங்கிய வண்ணத்தைக் கண் கண்ட அளவுக்கு மீட்டல் திருத்தம். கண் காணாத வண்ணத்தை ஏற்றுதல் புனைவு. இவ்விரண்டன் எல்லையைக் காட்டும் விசை எம்மென்பொருளிலும் இல்லை. அது தொகுப்பவன் நெஞ்சிலே உள்ளது.

இஃது அழகைப் பற்றிய பூசல் மட்டும் அன்று. 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு மாத வெள்ளத்தில், 1836ஆம் ஆண்டு தொடங்கி ஆர்தர் காட்டன் அமைத்த முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பகுதியில் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. அதே திங்களில் 1928ஆம் ஆண்டினதாகிய பழைய கொள்ளிடப் பாலத்தின் ஒரு பகுதியும் இடிந்து வீழ்ந்தது. அவை வீழுமுன் ஒருவர் பொழுதுபோக்காய்ப் பிடித்து வைத்த படம் இன்று வரலாற்றுச் சான்றாகும். மணல் எத்துணை ஆழம் தோண்டப்பட்டது, கரை எங்கே கரைந்தது, நீர் எத்திசை ஒதுங்கியது என்பவற்றைப் பின்வருவோர் நம் படங்களிலும் தேடக்கூடும். அவர்க்கு நாம் வைப்பது மெய்ச்சான்றா, பொய்ச்சான்றா? ஆதலின் தொகுத்த படத்தை எவ்வாறு அழகுசெய்யினும், மூலப்படத்தை நாளும் இடமும் குறித்து மாற்றாது பாதுகாத்தல் வேண்டும்.

'தொழில்நிலையங்களில் வழங்கும் மென்பொருளையே கற்றால் பிழைப்புக்கு உதவுமே' என்று ஒரு தடை எழுப்புவார் உளர். அது புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயினும் எங்கே வெட்டுவது, எதனை விடுப்பது, சாய்ந்த தொடுவானை எவ்வாறு நிமிர்த்துவது என்பவை கருவி மாறினும் மாறாத கல்வி. நன்னூலார் நூலழகு பத்தனுள் சுருக்கத்தை முதற்கண் வைத்தார். பத்து நிமிடப் பறப்பினின்று ஒன்றரை நிமிடத்தைத் தெரிந்தெடுக்கக் கற்றவன் எக்கருவியையும் சின்னாளிற் பழகிக்கொள்வான். அதனைக் கல்லாதவன் விலையுயர்ந்த கருவியிலும் பத்து நிமிடத்தையே காட்டிக் காண்பாரை உறங்கவைப்பான்.

ஆதலின் எம் துணிபு இது. எளிய கணினியுடையார் கேடென்லைவ் அல்லது ஷாட்கட்டில் தொடங்குக. வலிய கணினியும் வண்ணத்தில் நுண்ணார்வமும் உடையார் ரிசால்வின் விலையில்லா வடிவத்தைக் கொள்க. தொழிலாய் மேற்கொள்வார் உரிய விலைகொடுத்து வேண்டியதை வாங்குக. பூட்டுடைத்த படியை எவரும் தொடற்க. நம் ஊரையும் ஆற்றையும் உயரநின்று காணும் பேற்றை இக்காலம் நமக்கு அளித்துள்ளது. கண்டதைக் கண்டவாறே காட்டும் உள்ளத்தை இறைவன் நமக்கு அருள்வாராக.